நாலரைக்கு நடந்த புள்ளி

அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என் கைபேசியில் அதே அப்பா வீட்டைவிட்டு வெளியே நடந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை ஐந்து ஐம்பது. திரையில் அவருக்கான நீலப் புள்ளி எங்கள் அடுக்குமாடியின் சுவரைத் தாண்டி, பின்பக்கத்து ரயில் பாதையை நோக்கி மெல்ல நகர்ந்தது. வேலி வரை போய் நின்றது. நான் நிமிர்ந்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். குனிந்தேன். அப்பா வேலியருகே நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து போய் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தேன்.

"என்ன பிள்ளை?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா."

பன்னிரண்டு நிமிடம் கழித்துப் புள்ளி வந்த வழியே திரும்பி, வீட்டுக்குள் நுழைந்து, அவர் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அப்பா மிச்சம் இருந்த பிஸ்கட்டை எனக்கு நீட்டினார்.

அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே போன வருடம் அது. பிரிக்பீல்ட்ஸில் ஏழாவது மாடி வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா போய்ப் பல வருடமாகிறது. நான் கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் பௌதிகச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. எதிர்வீட்டு அக்கா மதியம் ஒரு மணிக்கு அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கீழே முன்தெருவில் தன் பூக்கடையைத் திறக்கப் போய்விடுவார். மூன்றிலிருந்து ஆறரை வரை அப்பா தனியாக இருப்பார். வாசலில் இருக்கும் கிரில் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போ என்று சொல்லாத ஆள் இல்லை. ஒரே ஒரு நாள் பூட்டிப் பார்த்தேன். நான் திரும்பி வந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "நான் என்ன களவெடுத்தனானோ?" என்று கேட்டார். அத்தோடு பூட்டு விவகாரம் முடிந்தது. அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கருவியை வாங்கினேன். கைக்கடிகாரம் போல இருக்கும். கட்டியிருப்பவர் எங்கே இருக்கிறார் என்று என் கைபேசிக்குச் சொல்லும். இடது கையில் தன் பழைய சாவி கொடுக்கும் கடிகாரம், வலது கையில் என் கருவி. மனிதர் முறைக்கவில்லை, கட்டிக்கொண்டார்.

இனி என்னைப் பற்றி. அளவை விஷயத்தில் நான் ஒரு ராட்சசி. மாணவர்கள் ஊசல் குண்டை ஆட்டவிட்டு, நிறுத்து கடிகாரத்தை அழுத்தி, இருபது அலைவுக்கு நேரம் எடுப்பார்கள். விடை கோணலாக வரும். அறிக்கையின் கடைசியில் "மனிதப் பிழை" என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அப்படியே திருப்பி எறிவேன். மனிதப் பிழையாம்! எந்த மனிதன், எந்த விரல், எந்தப் பக்கமாக, எவ்வளவு? அழுத்துகிற விரல் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். அது இரண்டு பக்கமும் சிதறும் பிழை. பத்துத் தடவை எடுத்துச் சராசரி போட்டால் அடங்கிவிடும். ஆனால் கடிகாரமே பிந்தி ஓடினால் ஆயிரம் தடவை எடுத்தாலும் அடங்காது, ஒரே பக்கம்தான் தள்ளும். திரும்பத் திரும்ப அளக்க அளக்க, தப்பான விடை மேல் நம்பிக்கைதான் கூடும். இதை வருடம் முழுக்கத் தொண்டை கிழியச் சொல்கிறவள் நான்.

அப்படிப்பட்டவள் நடக்கும் புள்ளியை விடுவேனா? அன்றே ஒரு நோட்டை எடுத்தேன். ஞாயிறு ஐந்து நாற்பத்தாறுக்குப் புள்ளி நடந்தது. அப்பா என் கண்முன்னே தூங்கிக்கொண்டிருந்தார். திங்கள் ஐந்து நாற்பத்திரண்டு. செவ்வாய் ஐந்து முப்பத்தெட்டு. தினமும் நான்கு நிமிடம் முன்னதாக, அதே வழி, அதே வேலி. யாரோ எங்கோ உட்கார்ந்து பொம்மலாட்டம் காட்டுவது போல இருந்தது. புதன்கிழமை ரயிலில் வரும்போது எனக்குப் பிடிபட்டது. கொமுட்டரில் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்தக் கருவி வானத்துச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுகிறது. எங்கள் வீட்டைச் சுற்றிக் கண்ணாடிக் கோபுரங்கள். நேரே வரவேண்டிய சமிக்ஞை கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சுற்றி வந்து சேர்ந்தால், கருவி ஏமாந்து ஆளை வேறு இடத்தில் காட்டும். அந்தக் கோள்கள் நட்சத்திரங்களைப் போல ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக நம் தலைக்கு மேல் அதே இடத்துக்கு வந்துவிடும். ஆகவே பொய்யும் நான்கு நிமிடம் முன்னதாக வரும். அப்பாவை நடத்துவது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வானம்.

பத்து நாள் குறித்தேன். ஒரு நாளும் கணக்குத் தப்பவில்லை. நோட்டை மூடினேன். புள்ளி வீட்டைவிட்டு வெளியேறும்போதெல்லாம் கத்திக்கொண்டிருந்த கைபேசி எச்சரிக்கையையும் அணைத்தேன். அந்த விரலை இன்றும் எனக்கு வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்று நிமிடம் பிசகாமல் எழுதிவைப்பது அவர் வேலை. ரயிலைக் 'கோச்சி' என்றுதான் சொல்வார், யாழ்ப்பாணத்து வாய். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாட்டின் நேரத்தையே அரை மணி முன்னால் தள்ளினார்கள். ஒரு புத்தாண்டு இரவில் எல்லாக் கடிகாரமும் அரை மணி பாய்ந்தது. எங்கள் வீட்டில் ஒன்று மட்டும் பாயவில்லை. சாமி அறையில் மாட்டியிருந்த ஊசல் கடிகாரம். "சூரியனுக்கு அரசாங்கம் ஓடர் போட ஏலுமோ?" என்று அப்பா விட்டுவிட்டார். ராகுகாலம் பார்ப்பது, விளக்கேற்றுவது எல்லாம் அந்தப் பழைய நேரப்படிதான். வெளியே போக வேண்டுமென்றால் மனதுக்குள் அரை மணியைக் கூட்டிக்கொள்வோம். விருந்தாளிகள் குழம்புவார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. அம்மா போன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் நான்தான் விளக்கேற்றி, அதற்குச் சாவி கொடுப்பேன். மணிக்கு மணி கணீரென்று அடிக்கும். அப்பா அந்த மணியைக் கேட்டுத்தான் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வார்.

பிழையான கடிகாரம் என்று தெரிந்தே ஒன்றை வீட்டில் வைத்து, ஆசையாகச் சாவியும் கொடுத்துக்கொண்டிருந்தேன், பாருங்கள். கூட்ட வேண்டிய அரை மணியைக் கூட்டத் தெரிகிற வரைக்கும்தான் அது விளையாட்டு. அப்பாவுக்குக் கூட்டத் தெரியாமல் போய்விட்டது. இது எனக்கு உறைக்கவே இல்லை.

நோட்டை மூடிய பிறகு நடந்தவற்றை இப்போது வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். மாலையில் நான் உள்ளே நுழைந்ததும், "போயிட்டு வந்திட்டன் பிள்ளை" என்பார். எங்கே என்று கேட்டால், "வேலைக்குத்தான். கோச்சி இண்டைக்கு ரெண்டு நிமிஷம் பிந்தி." பாவம், எந்தக் காலத்திலோ இருக்கிறார் என்று தலையைத் தடவிக்கொடுப்பேன். அவருடைய கால்சட்டையில் லாலான் புல்லின் பஞ்சு ஒட்டியிருக்கும். அக்கா கீழே நடக்கக் கூட்டிப்போயிருப்பார் என்று நானே எடுத்துப் போடுவேன். சனி ஞாயிறுகளில் சாமி அறைக் கடிகாரம் நாலு அடித்ததும் எழுந்து வாசல் பக்கம் போவார். "எங்கப்பா போறீங்க? உக்காருங்க, டீ போடறேன்" என்பேன். "நேரமாச்சு" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். இத்தனையும் கண்முன்னால் கிடந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு வாரநாளில், வேறு எதற்கோ கைபேசியைத் திறந்தபோது, நாலரை தாண்டியதும் புள்ளி வேலியருகே நிற்பதைப் பார்த்தேன். என் கணக்குப்படி வானத்துப் பொய் அன்று நாலரைக்குத்தான் வர வேண்டும். 'ஆகா, சொன்னபடி வருகிறதே' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அந்த ஒரு நாளில் பொய்யும் மெய்யும் ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றிருக்கின்றன.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. செய்முறை வகுப்பில் பிழைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பெருமை பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? என் கைபேசியை வகுப்புத் திரையில் இணைத்து, நடக்காமல் நடக்கும் அப்பாவின் கதையைச் சொன்னேன். "அவரு நாற்காலியிலதான் இருப்பாரு, ஆனா வானம் அவர நடத்தும். இன்னைக்கு மூணு முப்பத்தி நாலுக்கு நடந்திருக்கணும், பாக்கலாமா?" என்று பதிவைத் திறந்தேன். மூன்று முப்பத்து நாலு. அச்சு அசல். வகுப்பே கைதட்டியது. முந்தைய நாளையும் காட்டலாம் என்று விரலைத் தள்ளினேன்.

வியாழன், மூன்று முப்பத்தெட்டு. அதற்குக் கீழே இன்னொரு வரி: நாலரை.

புதன், மூன்று நாற்பத்திரண்டு. அதற்குக் கீழே: நாலரை.

செவ்வாய், திங்கள், எல்லாவற்றுக்கும் கீழே நாலரை. சனி ஞாயிறில் மட்டும் இல்லை.

வானம் நாளுக்கு நான்கு நிமிடம் நகர்ந்துகொண்டே போய்விட்டது. நாலரை நகரவில்லை. வானத்துக்கு நம் கடிகாரம் தெரியாது. கடிகாரம் பார்த்து நடப்பவன் மனிதன் மட்டும்தான். நாலரையில் அரை மணியைக் கழித்தால் நாலு. சாமி அறையில் மணி அடிக்கிறது, அப்பா எழுந்து வேலைக்குப் போகிறார். ஆய்வுக்கூடச் சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபத்தைந்து. அன்று காலைதான் நான் சாவி கொடுத்திருந்தேன்.

அக்காவை அழைத்தேன்.

"அக்கா, உடனே மேல போங்க. அப்பாவப் பாருங்க."

"என்னாச்சு டீச்சர்? கஸ்டமர் நிக்கிறாங்க லா, மாலை பாதியில இருக்கு…"

"மாலையாவது மண்ணாவது, ஓடுங்கக்கா! கதவப் பூட்டுங்க!"

அவர் லிப்ட் வருவதற்குக் காத்திருக்கும் சத்தம் கேட்டது. யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய திரையில் புள்ளி வீட்டுக்குள் அசையாமல் இருந்தது. சரியாக நாலரைக்கு அது கிளம்பியது. நான் அந்த இருபது மாணவர்களுக்கு நடக்காத அப்பாவைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். எல்லோரும் நடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், ஐயா இல்ல. நாற்காலி காலியா இருக்கு."

"பின்பக்கம்! ரயில் பாதை, அக்கா!"

புள்ளி வேலியை எட்டி நின்றது. அதைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம். ஆள் இந்த வட்டத்துக்குள் எங்கேயாவது இருக்கலாம், இதற்கு மேல் சொல்ல முடியாது என்று கருவி ஒத்துக்கொள்ளும் வட்டம் அது. முப்பது மீட்டர். வேலிக்கு இந்தப் பக்கப் புல்வெளியும் அதற்குள் இருந்தது, தண்டவாளமும் அதற்குள் இருந்தது. ஆயிரம் தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், கூட்டல் கழித்தல் குறி போட்டு. அந்தக் குறிக்குள் ஒரு ஆளைக் கொல்லும் அளவுக்கு இடம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அக்காவின் செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு. அப்புறம் அவர் குரல் அலறியது: "ஐயா! ஐயா, வாங்க இந்தப் பக்கம்!" அதற்குப் பின்னால், தொலைவில், நிதானமாக அப்பாவின் குரல்: "பொறு, கோச்சி வருது." அதன் மேல் ரயில் சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடியது. திரையில் புள்ளி அசையவே இல்லை. ரயில் போய் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அளக்கவில்லை.

"புடிச்சிட்டேன் டீச்சர்," என்றார் அக்கா. அழுதுகொண்டிருந்தார். "சட்டையப் புடிச்சு இழுத்துட்டேன். இருக்காரு."

நான் மாணவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குறுக்கு வழிக்காக யாரோ வேலிக் கம்பியை வளைத்து வைத்திருந்த சந்தில் நுழைந்து, தண்டவாளத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சரளைக் கல் மேல் நின்றிருக்கிறார், இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி. அவர் சட்டைப்பையில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் மடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் நடுங்கிய எழுத்தில் ஒரு நேரம். 4.08, 4.07, 4.11. எல்லாம் பழைய நேரம், எல்லாம் ஒழுங்கு. அன்றைய தாள் வெறுமையாக இருந்தது. அவருடைய அளவில் பிழையே இல்லை. தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அப்பா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

மறுநாள் சாமி அறைக்குப் போய் ஊசலை விரலால் பிடித்து நிறுத்தினேன். கல்லூரியில் காலை வகுப்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவேன். கிரில்லை உள்ளிருந்து பூட்டுவேன். அப்பா பத்திரமாக இருந்தார். சரிபார்க்க மணி அடிக்காததால் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையும் விட்டுவிட்டார். மத்தியானம் முழுக்க, "பிள்ளை, மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் சரியான நேரத்தைச் சொல்வேன். வேறு எதைச் சொல்வேன்?

"நாலரை ஆச்சுப்பா."

"அப்ப கோச்சி போயிட்டுது," என்பார். முகம் விழுந்துவிடும்.

தினமும் அவருடைய ரயில் அரை மணிக்கு முன்னால் போய்விட்டிருந்தது. தினமும் என் வாயால்தான் அதை அனுப்பிவைத்தேன். ஏறக்குறைய ஒரு வருடம்.

கடைசி நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. நாலு மணி பத்து நிமிடம் இருக்கும். கேட்டார். என்னவோ, அன்று என்னால் முடியவில்லை.

"மூணு நாப்பதுப்பா. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "அப்ப நேரமிருக்கு," என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருப்பி, சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டார். நான் துணிகளை மடித்துவைத்துவிட்டு, தேநீர் போட்டு எடுத்து வந்தபோது நாலு நாற்பது. நாற்காலியில் இருந்தார். இல்லை. இடது கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அரை மணி பிந்தி.

டாக்டர் நாலு நாற்பது என்று எழுதினார். நான் அவரிடம் திருத்தச் சொல்லவில்லை. உண்மையில் அது நாலு பத்துக்கும் நாலு நாற்பதுக்கும் நடுவே எங்கேயோ. அந்த வட்டத்துக்குள் நான் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு, கருவியின் கணக்கை மூடலாம் என்று கைபேசியைத் திறந்தேன். கடைசி நாளின் பதிவு இருந்தது. நாலரைக்குப் புள்ளி வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தது. வேலி வரை போய், பன்னிரண்டு நிமிடம் நின்று, திரும்பியிருந்தது. அந்த நேரம் கிரில் பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

வானமாக இருக்கலாம். நாளுக்கு நான்கு நிமிடம் பின்வாங்கிக்கொண்டே போனால், ஒரு வருடத்தில் கடிகாரத்தை முழுக்கச் சுற்றிவிட்டு, அந்தப் பொய் மறுபடியும் நாலரைக்கு வந்துதான் ஆக வேண்டும். அது அந்த நாள்தானா, இல்லையா? பழைய நோட்டு அலமாரியில் இருக்கிறது. நாட்களை எண்ணி நாலால் பெருக்கினால் போதும், ஐந்து நிமிட வேலை. இப்படிப் பாதியில் நிற்கும் அறிக்கையை எந்த மாணவன் கொண்டுவந்தாலும் முகத்தில் எறிவேன்.

நோட்டை நான் திறக்கவில்லை. திறக்கப்போவதும் இல்லை.